எனக்கு மலேரியா வராது

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குதான். வேறு காய்ச்சல் வருவதற்கு இந்த நகரத்தில் அனுமதி இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாருக்காவது உடம்பு சுடுகிறது என்று தெரிந்தால் போதும், கதவில் தட்டுச் சத்தம் கேட்கும். பப்பாசி இலைச் சாறு வந்துவிடும். நான் உகண்டாவிலிருந்து திரும்பி வந்து, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு காய்ச்சலில் விழுந்தபோதும் கீழ்வீட்டு அன்ரி சாற்றோடுதான் வந்தார். "கண்ணை மூடிக்கொண்டு குடியும் பிள்ளை, பிளேட்லெட் ஏறும்" என்றார். குடித்தேன். குடல் வெளியே வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட வேறு ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், நானும் உட்பட.

அது சும்மா வந்த பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணம் நடந்ததே முப்பத்தாறு வயதில். அதற்கு முன்னால் சண்டை, முகாம், பிறகு படிப்பு, பிறகு தம்பிமாரை ஒரு கரையில் ஏற்றிவிடுவது. எங்கள் ஊர்ப்பக்கம் மூத்த பெண்ணாகப் பிறந்தவளுக்கு இதெல்லாம் முடிந்த பிறகுதான் சொந்த வாழ்க்கை. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் நாடே விழுந்தது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, என்னவர் வேலை செய்த கம்பனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் கணக்காளர். உகண்டாவில் ஒரு சீனித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் போய்விட்டார். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டு இங்கேயே இருந்தேன். பிள்ளை இல்லையே என்று ஒரு டொக்டரிடம் போனால் அவர் என் சோதனை முடிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே நாட்டில இருந்து பாருங்களேன் முதல்ல" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு போனேன். போன மூன்றாம் மாதம் பிள்ளை தங்கியது.

போவதற்கு முன்பே மலேரியாவுக்கு முன்காப்பாகக் குளிசை தந்திருந்தார்கள். மலேரியா இருக்கும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. கிழமைக்கு ஒன்று. தந்த அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாக விளங்கப்படுத்தினார். நானும் ஒழுங்காகத்தான் போட்டு வந்தேன், இரண்டு கோடு தெரிந்த அந்தக் காலை வரைக்கும். அன்றைக்கே வட்ஸ்அப்பில் அம்மாவுக்கு எடுத்தேன். அம்மா அழுது, சிரித்து, மூக்கைச் சிந்தி, கிளிநொச்சியில் இருந்த எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைத்து முடித்த கையோடு கேட்டார்:

"இப்ப என்ன குளிசை போடுறாய்?"

"மலேரியாக் குளிசை ஒண்டுதான் அம்மா. கிழமைக்கு ஒருக்கா."

"என்னடி விசர்க் கதை கதைக்கிறாய்? வயித்தில பிள்ளையை வச்சுக்கொண்டு கண்டறியாத குளிசையெல்லாம் போடுறதோ? தூக்கி எறி."

"இஞ்ச மலேரியா இருக்கு அம்மா."

"இருந்தா இருக்கட்டும். உனக்கு வராத மலேரியாவே? உன்ர ரத்தத்தில ஊறிப்போய்க் கிடக்கு அது. உனக்கு இனி என்ன செய்யப் போகுது?"

இந்தக் கதையைக் கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு தாய் சொல்லியிருக்க மாட்டாள். இது வன்னியில் பிள்ளை வளர்த்த தாயின் கதை. நான் பிறந்தது மல்லாவிக்குப் பக்கத்தில். தொண்ணூறுகளில் எங்களுக்கு மலேரியா என்பது இன்றைக்குத் தடிமன் மாதிரி. வகுப்பில் ஒரு வாங்கில் உட்காருகிற பிள்ளைகள் எழும்பி வந்தால் அடுத்த வாங்குப் பிள்ளைகள் படுத்துவிடும். குலைப்பன் காய்ச்சல் என்போம். ஒருநாள் விட்டு ஒருநாள், நேரம் தப்பாமல் பின்னேரத்தில் வரும். முதலில் நகம் நீலிக்கும், பிறகு பல் கிட்டும், பிறகு கட்டில் ஆடும். வீட்டில் இருக்கிற சீலை, சாக்கு, பாய் எல்லாவற்றையும் மேலே போட்டும் நடுக்கம் நிற்காமல், அம்மாவே என்மேல் விழுந்து அமத்திக்கொண்டு படுத்திருப்பார். மருந்து வருவதும் அருமை. வந்த குளிசையைச் சீனியோடு இடித்துத் தருவார். அந்தக் கசப்பு அடுத்த நாளும் நாக்கில் கிடக்கும். எனக்கு எத்தனை தரம் வந்தது என்று அம்மாவுக்கும் கணக்கில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகள் அதில் போய்ச் சேர்ந்தார்கள். நான் சாகவில்லை. சாகாததை அம்மா ஒரு சொத்து மாதிரி வைத்திருந்தார்.

அந்தச் சொத்தில் எனக்கும் பங்கு இருந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சும்மா அம்மாவின் தலையில் மட்டும் போட முடியாது. உகண்டாவில் எங்கள் குவாட்டர்ஸில் சமைக்க வந்த பெண்ணுக்கும் அப்போது வயிற்றில் பிள்ளை. அவளுக்கு அது மூன்றாம் தரம். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமை வந்தாள். என்ன என்று கேட்டால், "மலேரியா மேடம்" என்று சிரித்துக்கொண்டே வாழைக்காய் உரித்தாள். உடம்பு கொஞ்சம் சோர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது. அவளைவிட நான் என்ன குறைவா மலேரியா கண்டவள்?

என்னவர் மட்டும் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். "போடுங்கோவனப்பா. என்னத்துக்கு வில்லங்கம்? இஞ்சத்தை டொக்டரும் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிழையில்லை எண்டுதானே சொன்னவர்." அவர் யாழ்ப்பாண நகரத்துக்காரர், வாழ்நாளில் மலேரியா கண்டதில்லை. "உங்களுக்கு வந்தாத்தான் பிரச்சினை, நீங்கள் போடுங்கோ" என்று வாயடைத்துவிட்டேன். அங்கே கிளினிக்கிலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று குளிசை தந்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து மேசை லாச்சிக்குள் போட்டேன். மற்றபடி எல்லாம் ஒழுங்குதான். சத்துக் குளிசை போட்டேன், பால் குடித்தேன், பப்பாசி தொடவில்லை. கொழும்புக்கு வந்த பிறகு அதன் இலையைக் குடிக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

முதல் பிள்ளை தாயிடம்தான் பெற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆறாம் மாதம் விமானம் ஏறினேன். அம்மா கிளிநொச்சியிலிருந்து பத்தியத்துக்கு வேண்டிய மஞ்சள், மல்லி, வேர்க்கொம்பு, நாட்டு உள்ளி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு என் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மா வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, எனக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது.

காலி வீதியில் ஒரு சின்னத் தனியார் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் இளம் பொடியன், தமிழ்ப் பிள்ளை. டெங்குச் சோதனை எடுத்தான். இல்லை என்று வந்தது. ஆனால் பிளேட்லெட் இறங்கியிருந்தது. "சில நேரம் முதல்ல காட்டாது. நாளைக்கும் ரத்தம் பார்ப்பம்" என்றான். பிறகு, அவனைக் குறை சொல்லக் கூடாது, கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"அக்கா, நீங்கள் ஆபிரிக்காவில இருந்து வந்திருக்கிறீங்கள். மலேரியாவுக்கும் ஒருக்காப் பார்ப்பமோ?"

நான் வாய் திறக்க முதல் அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது மலேரியா இல்லை. மலேரியா எண்டா எனக்குத் தெரியாதே? இவளுக்கு வந்த மலேரியாவுக்குக் கணக்கில்லை."

"அப்பிடியே அம்மா?"

"மலேரியா எண்டா நடுங்கும். கட்டில் ஆடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், இடையில பிள்ளை எழும்பி விளையாடும். இது பார், விடாமல் காயுது. நடுக்கமே இல்லை. இது கொழும்புக் காய்ச்சல்."

பொடியன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மலேரியாவைப் புத்தகத்தில் மட்டும் கண்டவன். அவன் படித்து முடிக்கும் காலத்தில் அது இந்த நாட்டிலேயே இல்லை. அம்மாவோ அதோடு குடும்பம் நடத்தியவர். அவன் என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன். எனக்கும் அது மலேரியா மாதிரித் தெரியவில்லை. என் உடம்புக்குத் தெரிந்த மலேரியா வேறு. அவன் டெங்கு என்றே வைத்துக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடிக்கவும், பனடோல் போடவும், நாளைக்கு வரவும் சொல்லி அனுப்பினான். வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது அம்மாவுக்கு நல்ல சந்தோஷம். "சின்னப் பொடியன், எண்டாலும் சொல்வழி கேக்கிறான்" என்றார்.

கோதாரி விழுந்த சொல்வழி.

அடுத்த நாள் எனக்கு நினைவு முழுதாக இல்லை. சலம் கோக்கோகோலா நிறத்தில் போனது என்று அம்மா பிறகு சொன்னார். நான் மல்லாவிப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், சப்பாத்து எங்கே என்று கேட்டேனாம். கீழ்வீட்டு அன்ரியும் மகனும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே வார்டில் இருந்த ஒரு முஸ்லிம் பெண் டொக்டர்தான், எங்கே போய் வந்தவர் என்று அன்ரியிடம் கேட்டுவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல், விரலில் குத்திக் கண்ணாடித் தட்டில் இரத்தம் எடுத்து அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் என் கட்டிலைச் சுற்றி ஒரே சனம். பயத்தில் வந்த சனம் இல்லை, பார்க்க வந்த சனம். மருத்துவ மாணவர்கள், தாதிமார், வேறு வார்டுகளின் டொக்டர்மார். என் இரத்தத் தட்டைப் பார்த்துவிட்டு அந்த இரத்தத்துக்குச் சொந்தக்காரியையும் பார்க்க வந்தார்கள். ஒழிந்துபோன நோய் இல்லையா, இனி எப்போது காண்பார்களோ? ஒரு பிள்ளை என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, சிங்களத்தில் இன்னொன்றுக்கு ஆசையாக விளங்கப்படுத்தியது. எனக்கு எழும்பி எல்லோரையும் அடித்துக் கலைக்க வேண்டும் போலிருந்தது. கையைத் தூக்கவும் பெலனில்லை.

"மலேரியாதான் அம்மா" என்று அந்த டொக்டர் அம்மாவிடம் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

"இவளுக்குச் சின்னதில எத்தினை தரம் வந்தது. இவளுக்கு எப்பிடி…"

"அது வேற வகை மலேரியா அம்மா. இது பொல்லாத வகை. நடுக்கம் இல்லாமலும் வரும். மத்தது, சின்னதில வந்த பாதுகாப்பு எப்பவும் நிக்காது. கொசு திரும்பத் திரும்பக் கடிச்சுக்கொண்டு இருந்தாத்தான் நிக்கும். இவங்க கொழும்புக்கு வந்து எத்தனை வருஷம்?"

அம்மா கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

எனக்கு நினைவு தெளிந்த பிறகு அதே டொக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரிவாகச் சொன்னார். இந்த வகைக் கிருமிக்குப் பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் ஒரு புது வீடு கிடைக்கிறதாம்: நஞ்சுக்கொடி. தாயின் இரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரும் இடம். அங்கே போய் ஒட்டிக்கொண்டு இருந்துவிடும். எத்தனை தரம் மலேரியா கண்ட உடம்பாக இருந்தாலும், முதல் பிள்ளை சுமக்கும்போது அந்த இடம் அதற்குப் புதிது. அங்கே ஒட்டுகிற கிருமியை அதுவரை கண்டிருக்காது. அதனால் முதல் பிள்ளைதான் கூடப் பாடுபடும். இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்குத்தான் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்து நிற்கப் பழகும்.

நான் உகண்டாவில் சமைக்க வந்தவளைப் பற்றிச் சொன்னேன். மலேரியாவோடு படுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தாளே என்றேன். ஏதோ அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வழக்கு என் பக்கம் திரும்பிவிடும் என்ற நினைப்பு.

"அவங்க அங்கேயே பிறந்து, தினம் கடிபட்டவங்க. மூணாவது வயிறு வேற" என்றார் டொக்டர். "முதல் பிள்ளை எப்படி இருக்கு எண்டு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு நான் ஒரு தரம் போயிருக்கிறேன். அங்கே ஒரே ஒரு பெண் பிள்ளைதான் நின்றது. வயிற்றில் இருப்பது மூன்றாவது என்று அவள் சொன்னதும், முற்றத்தில் ஒரு பிள்ளை மட்டும் நின்றதும் என் தலைக்குள் அதுவரை பக்கத்தில் பக்கத்தில் வந்ததே இல்லை. கணிதம் படிப்பிக்கிறேனாம், கணிதம்! சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. ஊசி மருந்து ஏற்றிய இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. இரத்தத்தில் கிருமி இல்லை என்றார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பை மெஷினில் கேட்க வைத்தார்கள். அது குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. அம்மா அந்தச் சத்தத்துக்குக் கைகூப்பிக் கும்பிட்டார். என்னவர் வட்ஸ்அப்பில் அதைக் கேட்டு அங்கே அழுதார். பிள்ளை மாதத்துக்குக் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, கவனமாகப் பார்க்க வேண்டும் என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை என்றால் என்ன, வெளியே வந்த பிறகு கொழுக்க வைக்கலாம் என்றார் அம்மா. வீட்டுக்கு வந்தோம். கீழ்வீட்டு அன்ரி கேசரி செய்து கொண்டுவந்தார்.

பிறகு வந்த அந்தக் கொஞ்ச நாட்களைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். பின்னேரங்களில் பல்கனியில் கதிரை போட்டு, கடற்கரைப் பக்கம் ரெயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருப்பேன். ரெயில் கூவினால் பிள்ளை உதைக்கும். அதோடு கதைப்பேன். "பார்த்தியே, உன்ர அம்மம்மாவின்ர மலேரியாவையே வெண்டிட்டாய், கெட்டிக்காரி" என்பேன். எனக்குப் பெண் பிள்ளைதான் என்று ஒரு நிச்சயம். என் இரத்தம் சுத்தமாகிவிட்டதே தவிர, நஞ்சுக்கொடியில் நடந்து முடிந்தது நடந்து முடிந்ததுதான் என்று எனக்குத் தெரியாது. அங்கே அவளுக்குச் சாப்பாடு போகும் வழி அடைபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நான் வெளியே இருந்து பால் குடித்தேன், மீன் தின்றேன், கீரை தின்றேன். ஒன்றும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒருநாள் ரெயில் போனது. உதை இல்லை. நித்திரையாக்கும் என்று நினைத்தேன். அடுத்த ரெயிலும் போனது. குளிர்த் தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் படுத்தேன், தட்டினேன், கத்தினேன். அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர், கத்தல் கேட்டு நெருப்புக் குச்சியோடு ஓடி வந்தார்.

ஸ்கேன் அறையில் அந்த மனிதர் மெஷினை வைத்து நெடுநேரம் தேடினார். தேடத் தேட, கையை மெதுவாக்கினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. என்றாலும் சொன்னார். சிங்களத்தில் சொன்னார், பிறகு எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று தனக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னார். இரண்டு பாஷையிலும் அவள் செத்திருந்தாள்.

வலி வரவைத்துப் பெற்றேன். உயிர்ப் பிள்ளை பெறுகிற அதே வலிதான். அதில் ஒரு சதம் குறைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் பிறந்து கத்தின. என்னுடையது பெண்தான். ஒரு கைக்குள் அடங்கினாள். வயதான ஆளைப் போல நெற்றியில் சுருக்கம். சாப்பாடு கிடைக்காத முகம் எனக்குத் தெரியும். அதை நான் முகாமில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வயிற்றுக்குள்ளேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முழுக்கக் கிருமி விட்டுப்போன கறுப்புப் படிவு என்று பிறகு அறிக்கை வந்தது.

எங்கள் வழக்கத்தில் இப்படிப் பிறந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. தாயையும் மயானத்துக்கு விடுவதில்லை. தம்பிமார் வெளிநாட்டில், தகப்பன் உகண்டாவில், போனால் திரும்பி உள்ளே வருவதற்கான விசா முத்திரைக்கு வரிசையில். கீழ்வீட்டு அன்ரியின் மகன்தான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான். எந்த இடம் என்று கேட்டால் சொல்லக் கூடாதென்று அம்மா அவனிடம் சொல்லி வைத்திருந்தார். அவனும் சொல்லவில்லை. இன்றைக்கும் மாடிப்படியில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் குசினியில் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். அம்மா மல்லியும் மஞ்சளும் உள்ளியும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தார். பத்தியக் கறி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவும், வயிறு ஆறவும் கொடுக்கிற கறி.

"என்ன செய்யிறியள்?"

"பிள்ளை பெத்த உடம்பெல்லே. பத்தியம் பாக்காட்டிப் பிறகு…"

"ஆருக்கு அம்மா பால் ஊற வேணும்? ஆருக்கு?"

அம்மா அரைப்பதை நிறுத்தவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அம்மிப் பக்கத்தில் இருந்த கோப்பையைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு உடைந்தது. "உங்களுக்கு எல்லாம் தெரியும் என்ன? மலேரியாவும் தெரியும், பத்தியமும் தெரியும்! உங்களுக்குத் தெரிஞ்சதாலதான் அவள் செத்தவள்!" என்று கத்தினேன். நாக்குத் தெறித்துவிழுகிற மாதிரிக் கத்தினேன். பக்கத்து வீடெல்லாம் கேட்டிருக்கும்.

அம்மா அரைத்த மஞ்சள் கையோடு அப்படியே இருந்தார். பிறகு, "ஓம்" என்றார். "ஓம் பிள்ளை. நான்தான்."

ஒரு சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'ஓம்' என்னைக் கொன்றது. என்னை மலேரியாவிலிருந்து காப்பாற்றி எடுத்த மனுசி. தன் உடம்பைப் போட்டு என் நடுக்கத்தை அமத்திய மனுசி. காப்பாற்றியது வீண் போகாது என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை. அதை நான் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினேன். அன்றைக்கு அந்தக் கறியைச் சோற்றோடு குழைத்துத் தின்றேன். பால் ஊறியது. அதை நிற்பாட்ட ஆஸ்பத்திரியில் குளிசை வாங்கிப் போட்டேன். அம்மா பக்கத்தில் தண்ணீரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவக் கண்காணிப்புக்குப் போனபோது அந்த முஸ்லிம் டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பெண். அவருக்கும் கண் கலங்கியது. என்னைத் தேற்ற வேண்டும் என்று, தனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தியைச் சொன்னார்.

"அடுத்த முறை உங்கட உடம்புக்கு இது புதுசில்ல. அந்தக் கிருமியை அது கண்டுபோட்டுது. அடுத்த பிள்ளைக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு இருக்கும்."

"இந்தப் பிள்ளையாலயோ?"

"ஓம். ஒரு வகையில இந்தப் பிள்ளையால."

நாற்பது நெருங்கியவளிடம் அடுத்த முறை என்று சொல்வது எவ்வளவு சுலபம்! ஆனால் அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். கோபம் வரவில்லை. மாறாக, பிடித்துக்கொண்டேன். அவள் என்னிடம் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று. ஒரு சட்டைகூட இல்லை, ஒரு படம்கூட இல்லை, புதைத்த இடமும் தெரியாது. ஆனால் என் இரத்தத்துக்குள் அவள் வந்து போன அடையாளம் ஒன்று இருக்கிறது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விசர் என்பார்கள். வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தால் கையின் உட்பக்க நரம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

மலேரியா ஒருத்தருக்கு வந்துவிட்டால் அரசாங்கம் லேசில் விடாது. வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மாடிப்படி, தண்ணீர்த் தாங்கி, பூச்சாடி எல்லாம் பார்த்தார்கள், நுளம்பு பிடித்தார்கள். மலேரியா பரப்புகிற நுளம்பு எங்கள் பக்கத்தில் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். பிறகு மாதாமாதம் ஒரு உத்தியோகத்தர் வந்து என் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போவார். வவுனியாப் பக்கத்து ஆள், சிரித்த முகம். ஒவ்வொரு மாதமும் தொலைபேசி எடுத்து, இரத்தத்தில் கிருமி இல்லை என்று அறிவிப்பார். பரீட்சை பாஸ் என்று சொல்கிற மாதிரிச் சொல்வார்.

போன மாதம் கடைசித் தரம் வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். பஞ்சை விரலில் அமத்திக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"தம்பி, கிருமி இருக்கோ எண்டுதானே இதில பாக்கிறியள். பாதுகாப்பு இருக்கோ எண்டும் பார்க்கேலுமோ?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும்.

"இதில தெரியாது மிஸ்" என்றார். "இருந்தாலும் இஞ்ச இருக்க இருக்கக் குறைஞ்சுகொண்டே போகும். கடி இல்லையெல்லோ. இஞ்ச எங்க மலேரியா? அது நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றேன். அம்மா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கண்ணாடித் தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவள் கண் திறக்கவில்லை, அழவில்லை, ஒரு பெயர் வாங்கவில்லை; என் உடம்புக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் பத்திரமாக இருந்துகொண்டு, அதையும் நான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருக்கிறேன்.